கடாரத்து வாசல்

தம்பி, உன்னுடைய அப்பா ஒரு கோட்டை வாசலைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஹென்டர்சனில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். இதை வாசித்ததும் நீ முதலில் சிரிப்பாய், பிறகு கோபப்படுவாய். கோபம் வந்தாலும் கடிதத்தை மடித்து ஒரு மூலையில் போட்டுவிடாதே. ரெலிபோனில் நீ என்னைப் பேசவிடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும், அது உன்னுடைய குணமில்லை. அவர் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டர்வேயில் வாகனமே இராது, போன வேகத்தில் திரும்பியிருக்க வேண்டும். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினி மேசையில் எழுதத் தொடங்கினேன், இப்போது முன்னறை யன்னல் விளிம்பில் தாளை வைத்து, தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை உனக்கு அப்பா சொல்லவில்லை, சம்பந்தியும் சொல்லவில்லை. அவருடைய மகள் கஸ்தூரி அழுதழுது சொன்னதைத்தான் நீ கேட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, ஆனால் அழுகிறவர்களுக்குப் பாதிக் கதைதான் வாயில் வரும். அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு நீ எனக்கு ரெலிபோன் எடுத்து, "அப்பா போய் அவரோடை கதைக்குமட்டும் நான் வீட்டை வரமாட்டன். நாங்கள் ரெண்டுபேரும் இஞ்ச வெலிங்டனிலை ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு இருந்திடுவம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அடுத்த மாதம் கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, தாலிக்கொடி செய்து வந்து என்னுடைய அலுமாரிக்குள் இருக்கிறது, சிட்னியிலிருந்து உன் சித்தி குடும்பம் ரிக்கெட் எடுத்துவிட்டது. நீ இல்லாமல் நான் யாருக்கு ஆரத்தி எடுக்கிறது? அந்த அலுமாரியைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே மற்றப் பாதியையும் கேள்.

கடாரச் சண்டைக் கதை எங்கள் வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியாமல் இராது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் நம் பக்கமிருந்து சீனாவுக்குப் போகிற கப்பல்கள் மலாக்கா நீரிணைக்குள்ளால்தான் போகவேண்டும். அந்த வழியின் இரண்டு கரையும் ஸ்ரீவிஜயப் பேரரசின் கையில் இருந்தது. கடாரம், அதாவது இன்றைய கெடா, அதன் வாய்போல இருந்த துறைமுகம். மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவர்களுடைய துறையில் நின்று, அவர்கள் கேட்டதைக் கொடுத்து, அவர்கள் விட்டால்தான் அப்பால் போகலாம். தஞ்சாவூர்ச் சோழனுக்கு அது பொறுக்கவில்லை என்கிறார்கள். அவன் ஒரு பெரிய கப்பற்படையை அனுப்பித் துறைமுகம் துறைமுகமாக அடித்தான். கடாரத்து அரசனைப் பிடித்தான், அவனுடைய யானைகளைப் பிடித்தான், நகரத்து முகப்பில் நின்ற மணிகள் பதித்த தோரண வாசலையும் கைப்பற்றினேன் என்று கல்லிலே வெட்டி வைத்தான். உன் அப்பாவுக்கு இதிலே மிகவும் பிடித்தது அந்த வாசல்தான். யானையை எவனும் பிடிப்பான், வாசலைக் கழற்றிக் கொண்டுவருகிறவன்தான் வென்றவன் என்று நீ சின்னவனாக இருந்தபோது சோற்றைக் குழைத்துத் தந்தபடி சொல்லுவார்.

இந்த வருடத் தமிழ்ச் சங்க விழாவுக்கு அதைத்தான் அவர் நாடகமாக எழுதினார். நீ வெலிங்டனில் வேலைக்குப் போனபிறகு எங்கள் முன்னறை சும்மா கிடக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம், ஒத்திகை முழுவதும் அங்கேதான். சோழனாக நடித்தவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர், நல்ல உயரம், மீசைக்கு ஒட்டுப்போடத் தேவையில்லை. கடாரத்து அரசனாக ஒரு மாணவன், மெலிந்த பிள்ளை, ஒவ்வொரு நாளும் பசியோடு வந்து சோழனிடம் தோற்றுவிட்டு என்னிடம் தோசை கேட்பான். வாசலை அப்பா தானே செய்தார். த்ரீ கிங்ஸ் சுப்பர்மார்க்கட்டில் தட்டுகளில் சாமான் அடுக்குகிற வேலைதானே அவருக்கு, அங்கே எறிகிற பெட்டிப் பலகையெல்லாம் எங்கள் கராஜுக்கு வந்தது. பலகையை அறுத்து, ஆணி அடித்து, பொன்நிறப் பெயின்ற் பூசி, என்னுடைய பழைய மாலைகளை அறுத்து மணி பதித்தார். எந்த மாலை என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களை அவர் வேலைக்குப் போன பிறகு நானும் வாசித்தேன். வாசித்தால் முந்திய கதை வேறாக இருக்கிறது, தம்பி. அந்தச் சண்டைக்கு முன்னர் சோழனுக்கும் கடாரத்தானுக்கும் நல்ல உறவு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டினான். சோழனுடைய தகப்பன், சைவன், அந்த விகாரைக்கு ஒரு ஊரையே தானமாக எழுதிக் கொடுத்தான். மகனும் அதை உறுதிப்படுத்தினான். அந்த மகன்தான் பிறகு கப்பல் அனுப்பினான். கொண்டும் கொடுத்தும் இருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்த மாதிரித்தான். இதையும் நாடகத்தில் போடுங்கோ, இல்லாவிட்டால் கடாரத்தான் ஏதோ வானத்திலிருந்து குதித்த எதிரி மாதிரி இருக்கும் என்று சொன்னேன். நாடகத்துக்கு நேரம் காணாதாம். விகாரை கட்டுகிறதைப் பார்க்கச் சனம் வருமோ, கப்பல் எரிகிறதைப் பார்க்க வருமோ என்று என்னையே கேட்டார். சனத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்போது ஒரு கார் திரும்பியது. எங்களுடையதல்ல. பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர் குடும்பம் சேர்ச்சுக்குப் போகிறது. அவர்தான் காலையில் வாசலைத் தூக்கிக் கயிறு கட்ட உதவினார். இது எந்தச் சேர்ச்சுக்கு என்று கேட்டார். உன் அப்பா வெட்கமில்லாமல் ஹென்டர்சன் சேர்ச்சுக்கு என்றார். நானும் வருகிறேன் என்று செருப்பைப் போட்டேன். "நீர் வரவேண்டாம், நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்" என்றார், அவ்வளவுதான். போகிறபோது வாசல் காற்றுக்கு ஆடிக்கொண்டு போனது. ஒக்லண்ட் காற்று உனக்குத் தெரியும்தானே. மழையும் பிடித்துக்கொண்டது, இப்போது வெயில் எறிக்கிறது, மறுபடி இருளுகிறது. அடுப்பிலே பருப்பை வைத்துவிட்டு மறந்துபோனேன், சட்டி அடிப்பிடித்துவிட்டது.

சொல்லவந்ததைச் சொல்கிறேன். கஸ்தூரியின் தகப்பனார் சுங்கை பட்டாணியில் பிறந்து வளர்ந்தவர் என்பது உனக்குத் தெரியும். சுங்கை பட்டாணி எங்கே இருக்கிறது? கெடாவில். கடாரத்திலேதான், தம்பி. அதை எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதும் பொய், நினைத்தோம், பெருமையாக நினைத்தோம். பெண் பேசிய நாளிலே உன் அப்பா என்ன சொன்னார்? "எங்கட ஆக்கள் திரும்பக் கடாரம் பிடிச்சாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்களும் தமிழர், இந்த வெற்றி அவர்களுடைய வெற்றியும்தானே என்பது எங்கள் கணக்கு. அவர்களுடைய பாட்டன்மார் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள், சோழனோடு படையெடுத்துப் போனவர்களல்ல. அந்த மண் அவர்களுக்கு வென்ற நாடில்லை, ஊர். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் சைக்கிளில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய் அந்தப் பழைய செங்கல் கோயில்களின் படியிலே இருந்து சோறு சாப்பிட்டதை அவர் எத்தனை தரம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தோம்.

நாடகத்துக்கு உங்கள் பக்கத்து ராச உடுப்பு ஏதாவது இருக்குமா என்று அப்பா அவரைக் கேட்டார். கேட்ட விதத்தில் தப்பில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். சம்பந்தி ஒரு சொங்கெட் துணி கொண்டுவந்து தந்தார். சொங்கெட் என்றால் மலாய்க்காரர் நெய்கிற பட்டு, இடையிலே பொன்னிழை ஓடும், தொட்டால் பாரமாக இருக்கும். சிவப்பிலே பொன். எனக்கே ஆசையாக இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் தந்தார், அப்பா ஒரு கையால் வாங்கிக் கதிரையில் போட்டார். யாருக்கு உடுத்தப் போகிறார்கள் என்று சம்பந்தி கேட்கவில்லை. கடாரத்து அரசனுக்கு என்று அப்பா தானாகச் சொன்னார். அந்த மனிதருடைய முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். தன்னுடைய ஊரைத் தமிழ்ச் சங்க மேடையில் அரச கோலத்தில் நிறுத்தப் போகிறார்கள் என்று அவர் நினைத்தார்.

விழாவன்று மவுண்ட் ரோஸ்கில் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. சம்பந்தி குடும்பத்தை அப்பா முன் வரிசையில், நடுவிலே, இருத்தினார். கடாரத்தான் மேடைக்கு வந்தான், அந்தச் சொங்கெட்டைத் தோளில் போட்டபடி, குடித்துவிட்டுத் தள்ளாடுகிற மாதிரி. அப்படி நடித்தால்தான் சனம் சிரிக்கும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். சனம் சிரித்தது. பிறகு சோழன் வந்தான், கப்பல்கள் எரிந்தன, அதற்கு ஒரு சிவப்பு லைட். கடைசியில் சோழன் அவனைப் பிடித்து, தோளில் இருந்த துணியைக் கழுத்தில் சுற்றி, நாயை இழுக்கிற மாதிரி வாசலுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனான். அப்போதுதான் துணி வாசற்காலில் இருந்த ஓர் ஆணியில் மாட்டியது. தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியவில்லை, அவர் பலமாக இழுத்தார். பட்டுக் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது, கைதட்டலுக்குள்ளேயும் கேட்டது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. முன் வரிசையில் மூன்று பேர் மட்டும் எழும்பவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் சம்பந்தி அப்பாவிடம் வந்தார். சத்தம் போடவில்லை, அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. "எங்க ஊரைக் கட்டி இழுத்துட்டுப் போறதப் பாக்கவா எங்கள முன் வரிசையில உக்கார வச்சீங்க?" என்று கேட்டார். அந்த இடத்தில் உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தம்பி. கிழிந்துபோச்சு, குறை நினைக்காதையுங்கோ என்றிருந்தால் நான் மிச்சத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் சுற்றி நின்றவர்கள் நாடகம் அருமை, அருமை என்று கை கொடுத்துக்கொண்டு இருந்தார்கள், இவருக்கு நிலத்தில் கால் இல்லை. "ஆயிரம் வரியத்துக்கு முந்தின சண்டைக்கு நான் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது?" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். சம்பந்தி துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் போகும்போது வரேன் அத்தை என்று சொல்லுகிற பிள்ளை, எனக்கு எங்கள் வழக்கப்படி மாமி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்க மனம் வராத அந்தக் குரல், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு அப்பா மேல் கோபம். எனக்கும்தான். ஆனால் நீ இங்கே வளர்ந்தவன், அவர் எப்படி வந்தவர் என்று நீ பாதிதான் பார்த்தாய். கொழும்பில் அவர் கப்பல் கொம்பனியில் இருந்தார். எந்தக் கப்பலில் என்ன ஏறுகிறது, எந்தத் துறைக்குப் போகிறது என்பது அவருடைய வாயில் வரும். நாங்கள் ஓடிவந்தபோது எல்லாம் போய்விட்டது, வேலை, வீடு, பெயருக்குப் பின்னால் வருகிற மரியாதை. இங்கே வந்த புதிதில் உன்னை ஒனெஹங்கா துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், நிற்கிற கப்பலைக் காட்டி, இதற்குள் இது இருக்கும், இது அங்கே போகும் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். நினைவிருக்கிறதா? எங்கள் வாழ்க்கையில் நாங்கள் வென்ற சண்டை என்று எதுவுமில்லை, தம்பி. சுற்றி வரத் தோல்விதான். அதனால்தான் ஆயிரம் வருடப் பழைய வெற்றியை இழுத்து வைத்துப் போர்த்திக்கொண்டார். அந்த வெற்றியும் எங்களுடையதல்ல. அதே சோழர்களின் கப்பல்கள் எங்களுடைய இலங்கைக் கரைக்கும்தான் வந்தன. அடித்தவனுடைய பக்கத்தில் நின்று கைதட்டினால் அடிபட்டதை மறக்கலாம் என்று நினைக்கிற மனிதர்கள் நாங்கள். இது அவருக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை, அன்றைக்கு அந்த மண்டபத்தில் நானும் நன்றாகத் தட்டினேன்.

மழை மறுபடி. நான் வெளியே போய் தெரு முனையில் இருக்கிற டெய்ரிக் கடை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், பால் என்று சொல்லி, வீட்டில் பால் இருக்க இன்னொரு பாலை வாங்கி வந்தேன். காரைக் காணவில்லை. வாசல் காற்றில் கழன்று மோட்டர்வேயில் விழுந்திருந்தால் என்ன செய்வது? பொலீஸ் மறித்திருந்தால் இது ஸ்ரீவிஜயத்து வாசல் என்று அவர் விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பார், நாளைக்கு விடியும்வரை விடமாட்டார்கள். அல்லது சம்பந்தி கதவைத் திறக்காமல் இருந்திருப்பார். அதுதான் எனக்குப் பயம். கொண்டுபோனதைத் திருப்பிக்கொண்டு வந்தால் அவர் இனி ஒருநாளும் போகமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

உன்னுடைய பெரிய மாமாவை உனக்கு நினைவில்லை, என்னுடைய அண்ணன். கொழும்பில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவர். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு கிரிக்கெட் மட்ச் பற்றிக் கதைக்கத் தொடங்கிச் சண்டை வந்தது. நீ சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். அவன் வரட்டும் என்று இவர், இவர் வரட்டும் என்று அவர். நானும் மச்சாளும் சந்தையிலே சந்தித்து இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளுவோம், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குச் சரியாகிவிடும் என்று. பிறகு கலவரம் வந்தது. அவர்கள் கனடாவுக்குப் போனார்கள், நாங்கள் இங்கே வந்தோம். ஒரு தெருவைத் தாண்டிப் போகாதவர்கள் ஒரு சமுத்திரத்தைத் தாண்டி எப்படிப் போவார்கள்? அண்ணன் அங்கேயே செத்துப்போனார். செய்தி வந்த அன்றைக்கு அப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார், வெளியே வரவில்லை. நீ அன்றைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இருந்தாய். கடல் இடையில் வந்துவிட்டால் சின்னச் சண்டைகூடக் கல்வெட்டாகிவிடும், தம்பி. வெலிங்டனுக்கும் ஒக்லண்டுக்கும் இடையில் கடல் இல்லை என்று நினைக்காதே, நீ ரெலிபோனை வைத்தபோது எனக்கு அலைச்சத்தமே கேட்டது.

போன கிழமை என்னால் பொறுக்க முடியாமல் நான் தனியாக ஹென்டர்சனுக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ் எடுத்து, ரெயில் எடுத்துப் போனேன். கஸ்தூரியின் அம்மா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். "அவரு சரியாச் சாப்பிடறதே இல்லக்கா" என்றாள். துணியை மேசையில் விரித்து வைத்திருந்தாள், கிழிசலைத் தைக்க நூல் தேடி அலைந்திருக்கிறாள், அந்தப் பொன்னிழை இங்கே எங்கே கிடைக்கும்? சாதாரண மஞ்சள் நூலால் தைத்திருந்தாள். நல்ல தையல்தான், ஆனாலும் தெரிகிறது. அப்போதுதான் அவள் சொன்னாள், இது யாருடைய துணி என்று. அவர்கள் சுங்கை பட்டாணியை விட்டு வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார நண்பர் கொடுத்ததாம். உன் மகளுக்குக் கல்யாணம் நடக்கும்போது நான் வரமுடியாது, மருமகனுடைய தோளில் இதைப் போடு, நான் வந்ததாக நினைத்துக்கொள் என்று சொன்னாராம். உன்னுடைய தோளில் போட வைத்திருந்த துணி, தம்பி. அதைத்தான் நாங்கள் ஒருவனுடைய கழுத்தில் சுற்றி இழுத்தோம். சம்பந்தி கொல்லைப் பக்கம் புல்லு வெட்டிக்கொண்டு இருந்தார். நான் போகும்வரை மெஷினை நிறுத்தவேயில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு இதைச் சொன்னேன். கத்தவில்லை, அழவில்லை, சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். சாப்பாட்டுக் கையோடு எழும்பிக் கராஜுக்குப் போனார். அன்றையிலிருந்து வேலை முடிந்து வந்தால் கராஜ்தான். உள்ளே இடிக்கிற சத்தமும் பிடுங்குகிற சத்தமும் கேட்கும். வாசலை உடைக்கிறார் என்று நினைத்தேன், உடைத்து எறியட்டும், சனியன் ஒழியட்டும் என்றுதான் விட்டேன். உனக்கு நினைவிருக்கும், நீ கணக்கியல் படிக்கமாட்டேன் என்றபோது அவர் உன்னோடு கதைக்காமல் இருந்தாரே, அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் நீ வந்து பார்த்தால் உன்னுடைய அறை யன்னலில் காற்று வருகிற இடமெல்லாம் அடைத்துக் கிடந்தது. அப்பா அடைத்தாரா என்று நீ கேட்டாய், தெரியாது என்று நான் சொன்னேன். தெரியும். வாயால் வராத மனிதர் அவர். அது குறைதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. இத்தனை வருடமாக அந்த வாய்க்காகக் காத்திருந்து நான் களைத்துப்போனேன்.

ஆனால் நீ என்ன செய்கிறாய்? அப்பா போகுமட்டும் வரமாட்டேன் என்கிறாய். இது யாருடைய பேச்சு என்று கண்ணாடியில் பார். அண்ணன் வரட்டும் என்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்த மாதிரித்தானே நீயும் வெலிங்டனில் இருக்கிறாய்? நீ செய்தது நியாயம், நான் இல்லையென்று சொல்லவில்லை. கஸ்தூரிக்காக நீ நின்றது எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு வழியை மறிக்காதே. சோழனும் கடாரத்தானும் அதற்குத்தானே அடிபட்டார்கள், யார் வழியை யார் மறிக்கிறது என்று. அந்தக் கதைக்குப் பிந்திய பகுதியையும் அப்பா நாடகத்தில் போடவில்லை, நான் உனக்குச் சொல்கிறேன். சோழன் அங்கே தங்கி ஆளவில்லை, போன கப்பல்கள் திரும்பி வந்துவிட்டன. அறுபது, எழுபது வருடம் போனபிறகு கடாரத்திலிருந்து மறுபடி தூதர்கள் வந்தார்கள், நாகப்பட்டினத்து விகாரைக்குக் கொடுத்ததை உறுதி செய்து தா என்று கேட்டார்கள். செய்து கொடுத்தவன் யார் தெரியுமோ? படை அனுப்பிய அந்தச் சோழனுடைய மகள் வயிற்றுப் பேரன். அடித்தவனுடைய பேரனிடம், அடிபட்ட வீட்டார் வந்து கேட்டிருக்கிறார்கள். எப்படி மனம் வந்ததோ தெரியாது. யாராவது ஒருவர் முதலில் படியேறியிருக்க வேண்டும், அவருடைய பெயரை ஒரு கல்லிலும் நான் காணவில்லை.

தம்பி, கார் வந்துவிட்டது. கூரையில் ஒன்றுமில்லை.

நான் பேனையைப் போட்டுவிட்டு ஓடினேன், இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். மோட்டர்வேயில் விழுந்துவிட்டதோ என்றுதான் முதலில் கேட்டேன். இல்லையாம். மழையில் நனைந்து நிற்கிறார், கையில் கயிறு. நான் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வருகிறது. சம்பந்தி கதவைத் திறந்து, இவரைப் பார்த்து, காரின் கூரையைப் பார்த்தாராம். உன் அப்பா, "இது உங்கட வாசல். கொண்டுவந்திட்டன்" என்றாராம். இதைச் சொல்வதற்கு இந்த மனிதர் எத்தனை நாள் கராஜுக்குள் ஒத்திகை பார்த்தாரோ! சம்பந்தி வந்து கயிற்றை அவிழ்த்தாராம். இரண்டு பேருமாக இறக்கி, மழைக்குள்ளால் தூக்கிக்கொண்டு போய் அவர்களுடைய கராஜுக்குள் நிறுத்தினார்களாம். பிறகு சம்பந்தி வாசற்காலில் கையை வைத்து, மேலிருந்து கீழே வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாராம். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும். "ஆணியெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாராம். "ஓம். எல்லாம் பிடுங்கிப்போட்டுப் பசையாலை ஒட்டியிருக்கிறன்" என்று இவர் சொன்னாராம். உள்ளே திரும்பி, தேத்தண்ணி போடச் சொன்னாராம் சம்பந்தி. குடித்தார்களாம். கல்யாணத்தன்று மண்டபத்து முகப்பில் அதைத்தான் வைக்க வேண்டும், மாப்பிள்ளை அதற்குள்ளால்தான் வரவேண்டும், தோளில் அந்தத் துணியோடு, தையல் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்றாராம்.

வெளியே வந்து காரில் ஏறும்போது சம்பந்தி ஒன்று கேட்டாராம். "மாப்பிள்ளை எப்ப வராரு?" உன் அப்பாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு தகப்பன் எப்படிச் சொல்கிறது? கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இப்போது முன்னறைக் கதவடியில், உடுப்பு மாற்றாமல், கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நிற்கிறார். நான் உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தரம் கேட்டுவிட்டார், நான் நிமிரவில்லை, மூன்றாந்தரமும் கேட்கிறார்:

"இஞ்சாரும், தம்பி எப்ப வாறானாம்?"